பின்னற்கம்பி வழக்கில் நான் வென்றது

என்னோடு மேடையேறி, சில வேளை என்னிடம் தோற்றும் சில வேளை என்னைத் தோற்கடித்தும் பழகிய சொல்லரங்கத் தோழியரே,

நம் கையெழுத்து இதழுக்கு ஒவ்வொருவரும் தத்தம் முதல் வெற்றியைப் பற்றி எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். என்னுடையது எது என்பதில் உங்களுக்கு ஐயமே எழுந்திராது. திண்டுக்கல்லில் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் நான் கொண்டுவந்த கேடயத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதற்கென இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியும் வைத்திருப்பீர்கள்.

அது என் இரண்டாவது வெற்றி. முதலாவது அதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. பேத்துப்பாறையில், எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், விதைப்பூண்டு மூட்டைகளுக்கு நடுவே கிடைத்தது. நடுவர் என் தந்தை. எதிர்த்தரப்பில் நின்றவர் என் அண்ணனின் மனைவி. கேடயம் இல்லை, மாலை இல்லை. ஆனால் தோற்றவர் தம்மிடமிருந்த ஒன்றை அன்று இழந்தார். இன்றுவரை அதைத் திரும்ப எடுக்கவில்லை. அத்தகைய முழுமையான வெற்றியை உங்களில் எவரும் பெற்றதில்லை என்று துணிந்து சொல்வேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கார்த்திகை மாதம். மலையில் அந்த மாதத்துப் பகல், பகலாக இராது. காலையில் கதவைத் திறந்தால் பனிமஞ்சு வீட்டுக்குள் வந்து அடுப்புப் புகையோடு கலந்துகொள்ளும். உத்திரத்திலிருந்து தொங்கும் பூண்டுக் கட்டுகளின் நெடி படுக்கையிலும், தலைமுடியிலும், நான் குடிக்கும் பாலிலும் இருக்கும். அத்தகைய ஒரு நாளில், தாய்வீட்டில் பிள்ளை பெற்ற மதினி, மூன்று மாதக் குழந்தையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அண்ணன் காய்கறி லாரி ஓட்டுபவர். அந்த லாரியிலேயே அவரை அழைத்து வந்து, பாதை முடியும் இடத்திலிருந்து நடத்திக் கூட்டி வந்தார். மதினியின் ஒரு தோளில் பிள்ளை. மறுகையில் ஒரு பிஸ்கட் டின்.

டின்னுக்குள் இரண்டு எஃகுக் கம்பிகளும் கம்பளி நூல் உருண்டைகளும் இருந்தன.

மதினி கொடைக்கானல்காரர். அவருடைய தந்தை ஒரு பங்களாவில் தோட்டக்காரர். அந்தப் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி, மதினிக்கு எட்டு வயதிருக்கும்போதே கையில் கம்பியைக் கொடுத்துப் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார். துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறியபோது கிழிந்த ஸ்வெட்டர்களை வேலைக்காரர்களுக்கு விட்டுச் சென்றது. மற்றவர்கள் அவற்றை அப்படியே போட்டுக்கொண்டார்கள். மதினி பிரித்தார். பிரித்த நூல் சுருள்சுருளாக, ஆட்டுக்குட்டியின் மயிர்போல் நிற்கும். அதை நனைத்து, கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு நாள் உலர்த்தினால் நேராகிவிடும். கொல்லையில் அப்படித் தொங்கிய சாம்பல் நிற நூலை நான் முதல்முறை கண்டபோது ஏதோ பிராணியின் குடல் என்று எண்ணிப் பயந்தேன்.

தோழியரே, புதிதாய்த் தாயான ஒருத்தி தன் பிள்ளையையும் தன் ஆசையையும் ஒரே உடலில் எப்படிச் சுமந்தாள் என்பதற்கு நான் ஒருத்தியே சாட்சி. கூடத்தில் சேலைத்தூளி தொங்கும். அதன் அடியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தம் வலக்காற் பெருவிரலில் சுற்றிக்கொள்வார். கால் ஆட்டும், கை பின்னும், உதடு கண்ணிகளை எண்ணும். கம்பியோடு கம்பி உரசும் ஒலி, டிக் டிக்கென்று, மழைநாளில் கூரைச் சொட்டு விழுவதுபோல் ஓயாமல் கேட்கும். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே கண் செருகுவான். பாலூட்டும் நேரத்தில் பிள்ளையை இடக்கை மடக்கில் கிடத்தி, அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளும் சந்திக்குமாறு வைத்துப் பின்னுவார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதிலோ, பூண்டு ஆய்வதிலோ, பாத்திரம் துலக்குவதிலோ அவர் ஒரு வேலையும் குறைத்ததில்லை. வேலைக்கும் வேலைக்கும் நடுவே கிடைத்த இடுக்குகளில் பின்னினார்.

அவரிடம் ஒரே ஒரு குற்றம் இருந்தது. கூப்பிட்டால் உடனே எழமாட்டார்.

"ஏத்தா, பிள்ள சிணுங்குதுல்ல? காது அடச்சுப் போச்சா?" என்பார் அம்மா, அடுப்படியிலிருந்து.

"இந்தா வந்துட்டேன் அத்த. பத்துக் கண்ணிதான் கெடக்கு. பாதியில விட்டா நழுவிரும்."

"கண்ணி நழுவுனா நூலு போகும். பிள்ள நழுவுனா என்னத்தப் பின்னுவ?"

மதினி பதில் சொல்லமாட்டார். பதில் சொன்னால் எண்ணிக்கை தப்பிவிடும். அந்த மௌனத்தை அம்மா திமிர் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இனி வழக்கின் பொருளுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வேண்டுதல் இருந்தது. பிறந்த பிள்ளைக்குப் பழனியில் முடி இறக்கும்வரை உடம்பில் புதுத்துணி படக்கூடாது. பழைய வேட்டி, பழைய சேலை, இவற்றைக் கிழித்துத்தான் சுற்ற வேண்டும். அண்ணனுக்கும் எனக்கும் இடையே அம்மா பெற்ற இரண்டு பிள்ளைகள் மாதம் ஆறு தாண்டாமல் இறந்தன. இரண்டுக்கும் ஆசை மிகுதியால் புதுச்சட்டை போட்டுப் பார்த்ததாக அம்மா சொல்வார். எனக்குப் போடவில்லை, நான் பிழைத்தேன். அம்மாவுக்கு இதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை.

ஆனால் மார்கழி பிறந்ததும் குளிர் கடித்தது. புல்நுனியெல்லாம் வெள்ளை பூத்தது. பழைய வேட்டியை ஏழு சுற்றுச் சுற்றினாலும் பிள்ளை உதைத்து உதறிக் கையை வெளியே நீட்டிவிடுவான். காலையில் அந்தக் கை அவரைக்காய்போல் குளிர்ந்து கிடக்கும். ஒருநாள் மதியம், மழை பிடித்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, மதினி தூளியிலிருந்து பிள்ளையை எடுத்தார். அவன் உடம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். கழுத்தில் சிவப்புக் கரை. காதை மூட அதனோடு சேர்த்தே பின்னிய குல்லா.

அம்மாவின் அலறலில், விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்த இரண்டு கூலிப்பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கழட்டுடி! எங்குலத்தக் கருவறுக்கவா வந்த?"

"அத்த, இது புதுசில்ல அத்த. பழைய நூலு..."

"கடையில வாங்குனாத்தான் புதுசா? கழட்டுங்கறேன்!"

அப்பா கையை உயர்த்தினார். அப்பாவுக்கு மேடைப் பேச்சென்றால் உயிர். ஒரு கூட்டத்தைக் கேட்பதற்காக மலையிறங்கி மதுரைவரை போய், திரும்பப் பேருந்து கிடைக்காமல் பெருமாள்மலையில் கடைவாசலில் உறங்கி வந்தவர். மகனுக்குப் பேச்சு வரவில்லை என்று மகளைப் பழக்கிவைத்திருந்தார். உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் என்னை நிறுத்தி, ஏதாவது தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் நான் 'பாப்பா'.

"சண்ட எதுக்கு? வழக்கா வச்சுப் பேசுவோம். பழைய நூல்ல பின்னுன சட்ட பழசா, புதுசா? மருமக ஒரு பக்கம், பாப்பா ஒரு பக்கம். பாப்பா ஜெயிச்சா சட்டயப் பிரிச்சிரணும்."

"கம்பியும் எங்கிட்ட வந்துரணும்," என்றார் அம்மா. "முடி இறக்குற வரைக்கும்."

"சரி. கம்பியுந்தான்."

மதினி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார். "பேசு, பேசு. பச்சப்பிள்ளகிட்டப் பேச என்ன பயம்?"

மதினி முதலில் பேசினார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்தத் துரை பத்து வருசம் போட்டுக் கிழிச்சது மாமா. முழங்கை போயி, தோளு போயி, பூச்சி அரிச்சு, நாய்க்கு விரிச்சுக் கெடந்துச்சு. நான் பிரிச்சேன். இதுல புதுசுன்னு சொல்ல ஒரு இழ கெடையாது. பழைய வேட்டியக் கிழிச்சுச் சுத்துறோம்ல? சுத்துனா பழசு, பின்னுனா புதுசா?"

"சபாஷ்!" என்றார் அப்பா.

கூலிப்பெண்களில் ஒருத்தி தலையசைத்தாள். "ஞாயந்தானே அத்தாச்சி" என்று மற்றவளிடம் முணுமுணுத்தாள். அதுவரை அந்த வீட்டில் அப்பாவின் 'சபாஷ்' என் ஒருத்திக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பெட்டியின்மேல் ஏறும்போதே எனக்கு உடம்பு கொதித்தது. அந்தக் கொதிப்பை நீங்கள் அறிவீர்கள். அதில்தான் நாம் நன்றாகப் பேசுகிறோம்.

"அவையோர்களே!" என்றேன். "மண் பழையதா, புதியதா? உலகம் தோன்றிய நாளிலிருந்து கிடக்கும் பழைய மண். அதைக் குயவர் பிசைந்து சக்கரத்தில் ஏற்றிச் சுட்டு எடுத்தால் நாம் என்ன சொல்கிறோம்? பழங்குடம் என்றா? பொங்கலுக்குப் புதுப்பானை என்றுதானே வாங்கி வருகிறோம்! கிழித்தால் பழந்துணி குறையும். பின்னினால் இல்லாத ஒன்று பிறக்கும். பிறந்தது புதிது!"

கைதட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தாலும் வென்றிருப்பேன். ஆனால் வெல்லும் நிலையில் நிற்கும் எவரும் நிறுத்துவதில்லை.

"இன்னும் ஒன்று கேட்கிறேன். ஒரு வரிசை முடியாவிட்டால் என் மதினியால் பொறுக்க முடியவில்லை. பிள்ளை அழுதால் மட்டும் பொறுக்க முடிகிறதே, எப்படி? இந்தச் சட்டை பிள்ளைக்காகப் பின்னியதா? அல்லது பின்னுவதற்கு ஒரு சாக்காகத்தான் இந்தப் பிள்ளையா?"

"அடி ஆத்தீ!" என்று கூலிப்பெண்கள் வாயில் கைவைத்துச் சிரித்தார்கள். அம்மா எனக்குக் கண்ணேறு கழித்து நெட்டி முறித்தார். அண்ணன் தொடையைத் தட்டினார். "ஏலே, இவ வக்கீலுக்குப் படிச்சா ஊர வித்துருவாலே!"

அப்பா மதினியிடம் மறுப்புரை கேட்டார். மதினி நிமிர்ந்து ஒருமுறை எல்லோரையும் பார்த்தார்.

"பிள்ளைக்குக் குளிருது மாமா. அம்புட்டுத்தான்."

அது வாதமன்று என்பதால் நடுவர் அதை ஏற்கவில்லை.

பிரிக்கவேண்டியவரும் அவரே ஆனார். வேறு யாருக்கும் பிரிக்கத் தெரியாது. பிள்ளையின் தலைவழியே ஸ்வெட்டரைக் கழற்றி, கழுத்துக் கரையில் முடிச்சைத் தேடி எடுத்து, பல்லால் கடித்து, இழுத்தார். சிவப்பு முதலில் ஓடியது, பிறகு சாம்பல். மூன்று வாரம் பின்னியது, மழை ஓய்வதற்குள் முடிந்தது. நூலை உருண்டையாகச் சுற்றும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். பிள்ளையின் உடம்புச் சூடு அந்த நூலில் இருந்தது. கடைசி வரிசைவரை இருந்தது. கம்பிகளை அம்மா தம் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அன்றிலிருந்து நான் 'வக்கீலம்மா' ஆனேன். பெருமாள்மலைக் கடைகளில் அப்பா அந்தக் குடத்து உவமையைச் சொல்லாத நாளில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் என்னை அழைத்து, "சொல்லு தாயி, மண்ணு பழசா புதுசா?" என்பார். நான் சொல்வேன். மதினி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

பிள்ளை மட்டும் உறங்க மறுத்தான். மதினி முன்போலவே கயிற்றைப் பெருவிரலில் சுற்றித் தூளியை ஆட்டினார். அவன் கத்தினான். பாட்டுப் பாடினார், கத்தினான். அம்மா வசம்பு உரைத்து ஊற்றினார், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார், திருநீறு பூசினார். அழுது அழுது பிள்ளையின் குரல் கம்மிப் போயிற்று.

"கம்பிய வாங்குனதுல இவ மனசு கல்லாப் போச்சு," என்றார் அம்மா, மதினியின் எதிரிலேயே. "அதான் பிள்ள இவகிட்ட ஒட்டல."

ஒருநாள் மதியம் கூடத்தில் நான் வீட்டுப்பாடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தூளியில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தான். கணக்கு வராத எரிச்சலில், கையிலிருந்த இரண்டு சிலேட்டுக் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டினேன். அழுகை நின்றது. நான் நிறுத்தினேன், அவன் தொடங்கினான். தட்டினேன், நின்றது. சிறிது நேரத்தில் உறங்கிவிட்டான்.

மறுநாளும் சோதித்தேன்; அதற்கு மறுநாளும். மூன்று முறையும் பிழையில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது தாலாட்டும் அன்று, வசம்பும் அன்று. கருவறைக்குள் இருந்த நாளிலிருந்து அவன் கேட்டுப் பழகிய கம்பிச் சத்தம்.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அறியாமையால் சொல்லாமல் விட்டேன் என்று ஒன்பது வயதுக்குச் சலுகை தராதீர்கள். நான் மிகத் தெளிவாக யோசித்தேன். சொன்னால் அம்மா பெட்டியைத் திறக்க வேண்டிவரும். பெட்டி திறந்தால், பின்னலுக்காகப் பிள்ளையா என்ற என் கேள்விக்குப் பிள்ளையே விடை சொன்னதாகிவிடும். குடத்து உவமையை அதற்குப் பிறகு அப்பா யாரிடம் சொல்வார்? வென்ற வாதத்தைத் தானே உடைக்கும் பேச்சாளரை நான் கண்டதில்லை. இப்போதும் கண்டதில்லை.

ஆகவே, யாரும் இல்லாதபோது மட்டும் தட்டினேன். பிள்ளை உறங்கியபின் குச்சிகளைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூளியை ஆட்டிக்கொண்டு நிற்பேன். அம்மா வந்து பார்த்து வியப்பார்.

"பெத்தவளுக்கு வராத கை எம்மவளுக்கு வந்திருக்கு பாரு!"

அந்தப் பாராட்டையும் பெற்றுக்கொண்டேன்.

மார்கழிக் கடைசியில் பிள்ளைக்குச் சளி கட்டியது. பிறகு இடக்காதில் சீழ் வடிந்தது. அண்ணன் லாரியில் போட்டுக் கொடைக்கானல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். "இந்தக் குளிர்ல பிள்ள காதுக்கு ஒரு குல்லா மாட்டக்கூடவா தோணல? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று டாக்டரம்மா கேட்டார். கேட்டது மதினியை. அம்மா அருகிலேயே நின்றார், நானும் நின்றேன். மதினி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. "தப்புத்தாங்க," என்றார். சீழ் நின்றது. அவன் இப்போது பள்ளிக்குப் போகிறான். இடப்பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்பதில்லை.

தையில் பழனிக்குப் போய் முடி இறக்கினோம். மொட்டையில் சந்தனம் பூசி, அடிவாரத்தில் வாங்கிய புதுச்சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினார் அம்மா. பிறகு மடியிலிருந்து அந்த இரண்டு கம்பிகளையும் எடுத்து நீட்டினார். நல்ல மனதோடுதான் நீட்டினார்.

"இந்தா. வேண்டுதல் முடிஞ்சுது. இனி உன் இஷ்டம்."

மதினி வாங்கிப் பைக்குள் போட்டார்.

திரும்பும் பேருந்தில் அப்பாவும் அம்மாவும் அண்ணனும் முன்னால் அமர்ந்தார்கள். மதினியும் நானும் பின்னால். ஆயக்குடியில் வண்டி நின்றபோது கொய்யாக் கூடைகள் சன்னலோரம் வந்தன. மதினி எனக்கு ஒரு பழம் வாங்கித் தந்தார். அதன் மணமோ, பழனியில் கும்பிட்ட பயமோ, என்னவென்று தெரியவில்லை. எனக்குப் பெருந்தன்மை பொங்கியது. வழக்கின் காலம் முடிந்துவிட்டது. இனிச் சொன்னால் எனக்கு நட்டமில்லை என்பதும் உள்ளே எங்கோ தெரிந்திருந்தது.

"மதினி, ஒண்ணு சொல்லட்டுமா? பிள்ளை உறங்குறது என் கைராசியால இல்ல. ரெண்டு சிலேட்டுக் குச்சியத் தட்டுவேன். கம்பிச் சத்தம்னு நெனச்சு உறங்கிருவான்."

"தெரியும் பாப்பா," என்றார் மதினி.

நான் பழத்தைக் கடிப்பதை நிறுத்தினேன்.

"அடுப்படிச் சுவத்துக்கு அங்கிட்டு நின்னு கேப்பேன். மொத நாளு கேட்டப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாப்பா கண்டுபிடிச்சிருச்சு, மாமா வந்ததும் சொல்லிரும்னு நெனச்சேன். சாயங்காலம் காபி கொண்டாந்து வச்சிட்டு, போகாம கதவுகிட்ட நின்னேன். நீ மண்ணு பழசா புதுசான்னு சொன்ன. மறுநாளும் நின்னேன். ஆசுபத்திரியில அந்தம்மா கேட்டப்பக்கூட, இப்பச் சொல்லும், இப்பச் சொல்லும்னுதான் இருந்தேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா, கம்பிக்கு ஏங்கிப் பிள்ளயச் சாக்கா இழுக்குறேம்பாக. நான் தோத்தவளாச்சே."

மீதிப் பழத்தை மடியில் வைத்தேன்.

"கம்பிதான் வந்துருச்சே," என்றேன். "இனிப் பின்னலாமே மதினி."

"ஆகாது பாப்பா. நேத்து மடத்துல தங்குனப்ப, ரெண்டு ஈர்க்கங்குச்சிய வச்சுச் சும்மா எண்ணிப் பாத்தேன். பத்துக் கண்ணி எண்ணுறதுக்குள்ள காது அங்கிட்டுப் போயிருது, யாராச்சும் எனக்காகப் பேசுறாகளான்னு."

அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, என் மடியில் சிந்திய கொய்யா விதைகளையும் தட்டிவிட்டார்.

வத்தலக்குண்டு தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் குளிர் உள்ளே வந்தது. மதினி எழுந்து சன்னல் படுதாவை இறக்கிக் கட்டினார். பிறகு அமர்ந்து, பிள்ளையின் நல்ல காதைத் தம் உள்ளங்கையால் மூடி, பெருமாள்மலை வரும்வரை அந்தக் கையை எடுக்கவேயில்லை.